அப்பா அக்காவை அடிப்பார்

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் பிளஸ் ஒன், தங்கை சுபிக்ஷா இரண்டாம் வகுப்பு. இந்த டைரி பட்டறை முதலாளி அப்பாவுக்குக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து டிவி மேல் சும்மா கிடந்தது. பெயர் எழுதுகிற இடத்தில் முப்பிடாதி என்று எழுதிவிட்டேன். புதிதாக வருகிற டீச்சர்கள் எல்லோரும் என் பெயரை இரண்டு தடவை கேட்பார்கள். இன்று மூன்று பேர் கேட்டார்கள்.

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தெருக்குழாயில் எட்டுக் குடம். சோறு வடித்து, கத்தரிக்காய் வதக்கி, சுபியைக் குளிப்பாட்டி, தலை பின்னி, அவள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு என் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பத்து நிமிடம் தாமதம்.

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. எட்டயபுரம் ரோட்டில் வண்டி கவிழ்ந்தது. அப்பாதான் ஓட்டினார். நாய் குறுக்கே வந்தது என்று எல்லோரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவர் மேல் என்ன வாடை அடித்தது என்று எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த சுபிக்குத் தாடையில் நாலு தையல், அவ்வளவுதான். அவளைத் தூக்கி என் மடியில் வைத்து, "இனி நீதாம்மா அவளுக்கு அம்மா" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அப்பா லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். கருத்தப்பாண்டியைப் போல அமைதியான ஆள் கோவில்பட்டியிலேயே கிடையாது என்பார்கள் பட்டறைக்காரர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அவர்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை.

ஜூன் 11, செவ்வாய்

புளிக்குழம்பு. அடி இல்லை.

ஜூன் 15, சனி

சனிக்கிழமை என்பதால் சீக்கிரமே சமைத்துவிட்டேன். அப்பா ஏழரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது. ஒரு செருப்பு வாசலில் இருந்தது, ஒன்று அடுப்பு வரைக்கும் வந்தது.

"ஏட்டி, கொழம்பா இது? ஒங்கம்மா வச்ச கொழம்ப நீ தின்னதில்லையா?"

தட்டு என் நெற்றியில் பட்டது. குழம்பு கண்ணுக்குள் போய்விட்டதால் அடுத்தது எங்கிருந்து வந்தது என்று பார்க்க முடியவில்லை. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்குக் கையை ஊன்றிக்கொண்டேன். அதற்குக் கோபம் வந்து முதுகில் மிதித்தார்.

சுபி கட்டிலுக்கடியில் போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டால் அவர் அந்தப் பக்கம் திரும்புவார் என்று நானும் ஊர்ந்து போய் அவள் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா எங்களைத் தேடவில்லை. தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

சுபியின் உதட்டில் உள்பக்கம் பல் பட்டுக் காயம். கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

அப்பா காலையிலேயே எழுந்து கோழி வாங்கிவந்தார். அவரே வெட்டி, அவரே மசாலா அரைத்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நெற்றியில் மருந்து தடவினார்.

"இனிமே தொட மாட்டேம்மா. ஒங்கம்மா மேல சத்தியம்."

"சரிப்பா."

"நீ இல்லேன்னா இந்த வீடு ஒண்ணுமில்ல தெரியுமா?"

சுபிக்கு ஈரலை எடுத்து ஊட்டிவிட்டார். மூன்று பேரும் டிவியில் படம் பார்த்தோம். காலையில் இருக்கிற அப்பாவை எனக்கு வெறுக்கத் தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

சுபிக்குக் கூட்டல் கணக்கு வரவில்லை. பதினேழும் எட்டும் எத்தனை என்று இருபது தடவை சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் முப்பத்தொன்று என்கிறாள். ஸ்கேலால் ஒரு தட்டுத் தட்டினேன். ஸ்கேல் உடைந்துவிட்டது. பழைய ஸ்கேல்.

அதற்குப் பிறகு சரியாகப் போட்டாள்.

ஜூலை 3, புதன்

இன்று பெல்ட். என் யூனிஃபார்ம் பாவாடை கிழிந்துவிட்டது. தொடையில் பக்கிள் பட்ட இடம் கறுத்துப்போயிருக்கிறது. நான் அவர் கையைக் கடித்தேன். அவர் சிரித்தார். "ஏ யப்பா, கடிக்காடா நாயி" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு மறுபடி அடித்தார்.

பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்த களைப்போடு ஓடிவந்தார்.

"யண்ணே, வயசுக்கு வந்த பிள்ளைய இப்படியா போட்டு அடிப்பிய? விடுங்க!"

கதவுக்குக் குறுக்கே போடுகிற இரும்புக் குழாய் மூலையில் இருந்தது. பட்டறையில் அப்பாவே அறுத்துக் கொண்டுவந்தது. அதை எடுத்து அக்காவைப் பார்த்து வீசினார். குழாய் நிலைக்கதவில் பட்டு மரம் பிளந்துவிட்டது. தலையில் பட்டிருந்தால் அக்கா இல்லை.

போகும்போது அக்கா என்னிடம் சொன்னார். "எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்குடி. இனிமே நான் வர முடியாது. கோவிச்சுக்கிடாத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை.

ஜூலை 12, வெள்ளி

இந்த மாதம் மூன்று நாள் லீவு போட்டாயிற்று. சுபிக்குக் காய்ச்சல். கணக்கு டெஸ்ட் எழுதவில்லை. "வீட்ல என்ன பிரச்சினை?" என்று கிளாஸ் டீச்சர் கேட்டார். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20, சனி

சுபி மறுபடி பாயை நனைத்துவிட்டாள். இந்த வாரம் நாலாவது தடவை. ஏழு வயதுப் பிள்ளை. பாயை நான்தான் துவைக்க வேண்டும், போர்வையையும் நான்தான். எனக்குக் கை இரண்டுதான் இருக்கிறது.

ஈர ஜட்டியோடு வாசலில் நிற்கவைத்தேன். தெருப்பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். அழுதாள். அழுகையை நிறுத்துகிற வரைக்கும் நிற்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. வெட்கம் வந்தால்தான் பழக்கம் நிற்கும்.

ஜூலை 27, சனி

இடது கைச் சுண்டுவிரலை அப்பா பின்பக்கமாக வளைத்தார். முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம் போல வந்தது. எதற்கு என்று எழுத நினைத்தால் காரணம் ஞாபகம் வரவில்லை. டிவி ரிமோட்டாக இருக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் கதவிடுக்கில் சிக்கியது என்று சொன்னேன். நர்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கதவா?" என்றார். "ஆமா சிஸ்டர், கதவுதான்" என்றேன். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வருகிற வழியில் ரோஸ் மில்க் வாங்கிக்கொடுத்தார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஒரு கையால் வேலை செய்வது கஷ்டமாக இருக்கிறது. சுபி உதவிக்கு வருகிறேன் என்று வந்து சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டாள். வடித்த சோறு முழுதும் சாக்கடையில். அப்பா வந்தால் தட்டில் வைக்க ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தில் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கையில் அகப்பை இருந்தது.

"ஒன்னய எதுக்குட்டி பெத்துப் போட்டாங்க? எந் தாலிய அறுக்கவா?"

சுபி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "அடிக்காதப்பா, அடிக்காதப்பா" என்றாள்.

வாய் தவறிச் சொல்லியிருப்பாள். சின்னப்பிள்ளை.

ராஜாமணி அக்கா வீட்டில் கடன் கேட்டு ஒரு படி அரிசி வாங்கி மறுபடி உலை வைத்தேன். அப்பா வருவதற்குள் சோறு ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 17, சனி

ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

அப்பா இன்று வீட்டிலேயே உட்கார்ந்து குடித்தார். சுபி தரையில் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்தபோது கால் பட்டுப் பாட்டில் கவிழ்ந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் இருந்தது.

இதுவரைக்கும் அப்பா சுபியைத் தொட்டதே இல்லை. இன்று ஒரு கையைப் பிடித்துத் தூக்கி பீரோவில் எறிந்தார். பீரோக் கதவு உள்பக்கமாக அமுங்கிவிட்டது. சுபி கீழே விழுந்தாள். சத்தம் வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அப்பா மறுபடி அவளிடம் போனார்.

கதவு மூலையிலிருந்து இரும்புக் குழாயை எடுத்து அவர் முழங்காலுக்குக் கீழே அடித்தேன். விழுந்தார். விழுந்த பிறகும் அடித்தேன். காலில், இடுப்பில், தடுக்க வந்த கையில். "ஏ முப்பி, ஏ முப்பி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். என் கையில் வலியே இல்லை. உடைந்த விரலும் வலிக்கவில்லை. சுபிக்கு அப்போதுதான் சத்தம் வந்தது. "அக்கா விடுக்கா, அப்பா செத்துப்போவாரு" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள்.

நாலு அடி இருக்கும். ராஜாமணி அக்கா, சுவருக்கு அந்தப் பக்கம் பத்துக்கு மேல் எண்ணினேன் என்கிறார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. மணிக்கட்டிலும் ஒன்று. பட்டறையில் லாரிச் சட்டம் காலில் விழுந்துவிட்டது என்று அப்பா டாக்டரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

சுபிக்கு எலும்பு ஒன்றும் இல்லை, தோளில் வீக்கம்தான். அவள் என் கையைப் பிடிக்காமல் ராஜாமணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆகஸ்ட் 21, புதன்

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டிருக்கிறோம். குடிக்கிற ஆள் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வேர்த்துக் கொட்டுகிறது. கட்டிலே ஆடுகிறது. சுவரில் எறும்பு எறும்பு என்கிறார். அம்மா பெயரைச் சொல்லி, "பிரேக் பிடிக்கலட்டி, பிரேக் பிடிக்கல" என்று அழுகிறார். நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கஞ்சி ஊட்டினேன். என் முகத்தில் துப்பினார். கன்னத்தில் ஒன்று வைத்தேன். பிறகு குடித்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீடு அமைதியாக இருக்கிறது. ஏழு மணி ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பது இல்லை. நான் சொன்னது நடக்கிறது. குழாய் இப்போது என் பாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

சுபி மட்டும் இன்னும் கட்டிலுக்கடியில்தான் போய் உட்கார்கிறாள். சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுபோகிறாள். மேலே அப்பா அசைய முடியாமல் படுத்திருக்கிறார். இன்னும் எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. இன்று அவள் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

செப்டம்பர் 4, புதன்

சுபியின் புத்தகப்பையில் குவார்ட்டர் பாட்டில். அப்பா கெஞ்சிக் கேட்டாராம். தெருமுனையில் ஒளித்து விற்கிற ஆளிடம் போய் வாங்கிவந்திருக்கிறாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை.

தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி அவள் காலில் பட்டுவிட்டது.

செப்டம்பர் 5, வியாழன்

கெண்டைக்காலில் கொப்புளம். மஞ்சள் வைத்திருக்கிறேன். காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதி அப்பா கையெழுத்தை நானே போட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்றும் அனுப்பவில்லை. கொப்புளம் உடைந்துவிட்டது. அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சுபியும்.

செப்டம்பர் 12, வியாழன்

சுபியின் கோமதி டீச்சர் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பள்ளியில் இருந்தேன். சுபி கதவைத் திறந்திருக்கிறாள். டீச்சர் அவள் காலைப் பார்த்திருக்கிறார்.

இன்று காலை இரண்டு பேர் வந்தார்கள். குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குத் தகவல் வந்ததாம். ஒரு சார், எஸ்தர் மேடம் என்று ஒருவர். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை நாள் யாரும் வரவில்லையே என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றித் தழும்பு, தொடைத் தழும்பு, கோணலாகச் சேர்ந்த விரல், பீரோ, நிலைக்கதவு. சார் எழுதிக்கொண்டே வந்தார். அப்பா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா சார், எல்லாம் நெசந்தான்" என்றார்.

எஸ்தர் மேடம் சுபியை அடுப்படிக்கு அழைத்துக்கொண்டு போனார். கதவு இல்லாத அடுப்படி. எல்லாம் கேட்டது.

"கால்ல எப்படிம்மா புண்ணு வந்துச்சு?"

"கரண்டி."

"யாரு வச்சது? அப்பாவா?"

"இல்ல. அக்கா."

"அப்பா உன்ன அடிப்பாரா?"

"அப்பா ஒரு தடவ தூக்கி எறிஞ்சாரு. அப்பா அக்காவத்தான் அடிப்பாரு. அக்கா என்னய அடிப்பா."

"எப்பெல்லாம் அடிப்பா?"

"தெனம்."

சார் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் பெண்பிள்ளைகள் இல்லத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜீப்பில் சுபி எஸ்தர் மேடத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

பொய் சொல்கிறாள். தினமா? தினமா அடித்தேன்? அவளுக்குப் பல் விளக்கிவிட்டது யார்? பேன் எடுத்தது யார்? பீயள்ளியது யார்? என் பத்தாம் வகுப்பு மார்க் எதனால் போனது? அவளுக்காக நான் அப்பாவையே அடித்தேன். கொலைகூடச் செய்திருப்பேன்.

காலைச் சாப்பாட்டில் அவள் வரிசையில் நின்றாள். போய்த் தோளைப் பிடித்தேன். "ஏட்டி, நான் ஒனக்கு என்னட்டி செஞ்சேன்? சொல்லு! எல்லாரு முன்னாடியும் சொல்லு!" என்று உலுக்கினேன். அவள் தட்டு விழுந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வார்டன் அக்காவும் சமையல்கார அக்காவும் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். என் நகக்கண்ணில் ரத்தம் இருந்தது. என்னுடையது இல்லை.

அவளை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சாப்பிடவில்லை. இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். அப்பா அடித்ததை எல்லாம் எதனால் அடித்தார், எங்கே அடித்தார் என்று எழுதியிருக்கிறேன். நான் அடித்தது மட்டும் தானாக நடந்தது போல இருக்கிறது. ஸ்கேல் உடைந்துவிட்டது. கரண்டி பட்டுவிட்டது.

படவில்லை. வைத்தேன். அவள் ஓடினாள். வாசலில் போய்ப் பிடித்து, அடுப்படிக்கு இழுத்துவந்து, காலை என் முட்டியால் அழுத்திக்கொண்டு வைத்தேன். கரண்டி ஆறிவிட்டது என்று ஒரு தடவை திரும்ப அடுப்பில் காட்டினேன். அப்பா எழுந்திரிக்க முடியாமல் கட்டிலிலிருந்து கத்தினார். "விடுட்டி அவள! நான்தான் கேட்டேன். என்னய அடிட்டி, என்னய அடி!" கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, மாவுக்கட்டோடு தரையில் தவழ்ந்து வந்தார். அவர் அடுப்படிக்கு வருவதற்குள் நான் முடித்துவிட்டேன்.

அவள் கத்தும்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். இந்த வீட்டில் ஒரு ஆளாவது எனக்குப் பயப்படுகிறது என்று இருந்தது.

அகப்பை அன்றைக்கு ஒரு அடி இல்லை. எத்தனை என்று எனக்கும் தெரியாது. இந்த டைரியில் எழுதாத நாட்களும் இருக்கின்றன. கிள்ளியது, காதைத் திருகியது, சாப்பாடு போடாமல் விட்டது. தினம் என்று அவள் சொன்னது சரிதான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எஸ்தர் மேடம் வந்தார். டைரியை அவரிடம் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து படித்தார். நடுவில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உனக்கு எத்தன வயசு?" என்றார்.

"பதினாறு."

"சுபிக்கு அம்மாவா இருன்னு சொன்னவங்க யாராவது, ஒரு நாளாவது வந்து பாத்தாங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஆனால் அதற்காக நான் செய்தது இல்லை என்று ஆகிவிடாது. அதையும் அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

செப்டம்பர் 20, வெள்ளி

குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனோம். நீள மேசை, நாலைந்து பேர். அப்பா கவட்டைக் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். சவரம் செய்திருந்தார். பாதி உடம்பாகிவிட்டார். குடியை நிறுத்துகிற வார்டில் சேரச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்.

"மூத்தவ மேல தப்பு இல்லங்கம்மா. அவ பிள்ளைய நல்லாத்தான் பாத்துக்கிட்டா. நான்தான் மிருகம்" என்றார்.

விளாத்திகுளத்திலிருந்து மாரிக்கனி சித்தி வந்திருந்தார். அம்மாவின் தங்கை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா காரியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறாதவர். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "எங்க அக்கா பிள்ளைக மேடம். ரெண்டு பேரையும் நானே கொண்டுபோறேன். கஞ்சியோ கூழோ நான் பாத்துக்கிடுதேன்."

தலைவராக இருந்த மேடம் என்னைக் கேட்டார். "சித்தி வீட்டுக்குப் போறியாம்மா? தங்கச்சியோட இருக்கலாம்."

சுபி சித்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலில் கட்டு இருந்தது.

"சுபிய மட்டும் அனுப்புங்க மேடம்" என்றேன்.

சித்தி, "ஏய், என்னடி சொல்லுத?" என்றார்.

"ஏன்? கூட இருக்கணும்னு ஆசை இல்லையா?"

"இருக்கு மேடம்."

"அப்புறம் என்ன? இனிமே அடிக்க மாட்டேன்னு சொல்லு. உன்ன நம்புறோம்."

"சொல்லிருவேன் மேடம். எங்க அப்பாவும் தெனம் காலைல சொல்லுவாரு."

அப்பா கவட்டைக் கட்டையில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"எனக்கு எப்பக் கோவம் வருதுன்னு எனக்கே தெரியல. வந்தா நிறுத்தத் தெரியல. அது தெரியற வரைக்கும் அவ எங்கூட இருக்க வேண்டாம்."

எழுதிக்கொண்டார்கள். சுபி சித்தியோடு. நான் இங்கேயே இல்லத்தில், வாரம் இரண்டு நாள் ஆலோசகரிடம் பேச வேண்டும். பள்ளிக்கூடம் இங்கிருந்தே போகலாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோவில் சுபி ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று ஒரு சின்னப்பிள்ளை என் கெமிஸ்ட்ரி நோட்டில் ரசத்தைக் கொட்டிவிட்டது. கை மேலே போய்விட்டது. அந்தப் பிள்ளை என்னையே பார்த்தது. நான் வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ஆலோசகர் அக்காவிடம் சொன்னேன். கை இறங்கியதா என்று கேட்டார். இறங்கியது, ஆனால் அந்தப் பிள்ளை மேல் இறங்கவில்லை என்றேன்.

நோட்டை முதலிலிருந்து எழுத வேண்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

சித்தி சுபியை அழைத்து வந்தார். ஒரு மாதம் ஆகிறது. கன்னத்தில் சதை வைத்திருக்கிறாள். பார்வையாளர் அறையில் என் பெஞ்சுக்கு எதிர்ப் பெஞ்சில் சித்தியை ஒட்டி உட்கார்ந்தாள். அப்பா வார்டிலிருந்து வந்துவிட்டாராம், பட்டறையில் உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்களாம். இப்போது குடிக்கிறாரா என்று சித்திக்குத் தெரியவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"எப்படி இருக்க சுபி?"

"நல்லாருக்கேன்."

"பாய் நனையுதா?" என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அதை நான் கேட்கக் கூடாது.

சித்தி குடிக்கத் தண்ணீர் வாங்க வெளியே போனார். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் இருந்த முறுக்குப் பொட்டலத்தில் ஈ உட்கார்ந்தது. விரட்டலாம் என்று கையை உயர்த்தினேன்.

சுபி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்குப் போய்விட்டாள். முறுக்கு தரையில் சிதறியது.

"ஈ சுபி. ஈய விரட்டத்தான்" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து பக்கத்தில் போனால் இன்னும் பயப்படுவாள். என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"எதுக்கு அப்படி உக்காந்திருக்க?"

"சும்மா. நீ பேசு."

ரொம்ப நேரம் கழித்துத் தலையிலிருந்து கையை எடுத்தாள். சித்தி வீட்டில் ஆடு குட்டி போட்டிருக்கிறது என்றாள். இரண்டு குட்டி, ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, கறுப்பு ரொம்பச் சேட்டை என்றாள். புதுப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை பெயர் சொன்னாள். சித்தப்பா குறட்டை விடுவதைச் செய்து காட்டினாள். சித்தி தண்ணீர் பாட்டிலோடு வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

சுபி பேசிக்கொண்டே இருந்தாள். விரல்கள் மரத்துப்போய்விட்டன. சுண்டுவிரல் விண்விண்ணென்று தெறித்தது. அவள் பேசி முடித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, அறையை விட்டு வெளியே போகிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.